மோன்ரெவலின் மேல்சரிவு

ஒடீல் ஃப்ளூரிக்கு வாக்குரிமை கிடைத்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு வெகுநாள் முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், பிரெஞ்சு பேசும் ஜுரா மலைப்பகுதி பெர்ன் மாநிலத்தை விட்டுப் பிரியலாமா என்று முதல் முறை கேட்டபோது ஆண்கள் மட்டும்தான் போய் வாக்களித்தார்கள். அவள் கணவன் ரெமி கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். அவள் முயல்கறியை அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பிரியக் கேட்டவர்கள் தோற்றுப்போனார்கள். பெர்ன் மாநிலம் முழுக்கச் சேர்ந்து வாக்களித்தால், ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு நடுவே பிரெஞ்சு பேசுகிற கைப்பிடி ஜனம் என்ன ஆகும்?

"மக்கள் தீர்ப்பாம்" என்று ரெமி தட்டைத் தள்ளி வைத்தான்.

"எந்த மக்கள்? என்னை யாரும் கேட்கவே இல்லியே" என்றாள் ஒடீல்.

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவளுக்குப் பெர்ன் மேல் இருந்த மனத்தாங்கல் கொடியிலிருந்தோ மேடைப் பேச்சிலிருந்தோ வந்தது அல்ல. முதல் பிரசவம் சிக்கலாகி, பெர்ன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தை சில நாள் இருந்தது. பிறகு இல்லை. டாக்டர் நல்ல மனிதர். கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விளக்கினார். அத்தனையும் ஜெர்மனில். 'இதயம்' என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. ஊர் திரும்பும் ரயிலில் ரெமி, "என்னதான் சொன்னார்?" என்று கேட்டான். "தெரியல" என்றாள். பின்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, ஒருத்தி ஜெனீவாவுக்கும் ஒருவன் லோசானுக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் அந்த முதல் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பது அவளுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. பிரிவினை எதற்கு என்று யாராவது கேட்டால் ரெமி சாலை, வரி, பள்ளிக்கூடம் என்று மூச்சுவிடாமல் பேசுவான். ஒடீல் வாய் திறக்கமாட்டாள். அவளுக்கு அந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

ரெமிக்குக் கடிகாரத் திருகு கடையும் பட்டறையில் வேலை. எத்தனை முறை துவைத்தாலும் அவன் சட்டையில் இயந்திர எண்ணெய் வாடை போகாது. வேலை முடிந்ததும் அவனும் அவன் சிநேகிதன் எத்தியென் ஷப்புயியும் பெயின்ட் டப்பாவோடு கிளம்பிவிடுவார்கள். மறுநாள் பாலத்திலும் பாறையிலும் 'ஜுராவுக்கு விடுதலை' என்று எழுத்து மின்னும். ஒரு நாள் முதலாளி ரெமியைக் கூப்பிட்டு, "பாறையில எழுதுறவனுக்கு இங்க திருகு கடைய நேரம் எப்படி இருக்கும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவனுக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. ஊரின் பள்ளி வேனை ஓட்டும் வேலை காலியாக, ஒடீல் அதற்குப் போனாள். பெண்பிள்ளை வேன் ஓட்டுவதா என்று இரண்டு வாரம் பேசினார்கள். பனிக்காலம் வந்து, ஒரு நாள்கூட அவள் வண்டி பள்ளத்தில் இறங்கவில்லை என்றானதும் பேச்சு நின்றது.

எழுபத்துநாலில் காலம் திரும்பியது. இந்த முறை ஜுராவை மட்டும் தனியாகக் கேட்டார்கள். பெண்களையும் கேட்டார்கள். பிரிகிறோம் என்று ஜுரா சொன்னது. அன்று ராத்திரி அவர்கள் ஊரான மோன்ரெவலில் யாரும் தூங்கவில்லை. ஆனால் சட்டத்தில் இன்னொரு படி இருந்தது. தெற்கே இருந்த வட்டங்கள் நாங்கள் பெர்னிலேயே இருக்கிறோம் என்று வேறொரு வாக்கெடுப்பில் சொல்லிவிட்டன. அதற்கு அடுத்த படியில், எல்லையோரத்து ஊர்களை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்: நீ எந்தப் பக்கம்? வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போனார்கள். மோன்ரெவல் எல்லையோரத்தில் இருந்தது.

அதில்தான் தோற்றார்கள்; ஊர் பெர்னிலேயே நின்றது. வித்தியாசம் பதினொரு வாக்கு.

ஊருக்கு மேலே, காட்டைத் தாண்டிய சரிவில், ஏழு பண்ணைகள் இருந்தன. பெரிய பெரிய குடும்பங்கள். அனாபாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவு ஜனங்கள், சிலுவை வைக்கமாட்டார்கள், சத்தியம் செய்யமாட்டார்கள், பட்டாளத்தில் துப்பாக்கி தொடமாட்டார்கள், வீட்டில் பேசுவது ஜெர்மன். பல நூறு வருஷத்துக்கு முன்னால் மதத்துக்காக அவர்களை விரட்டியடித்ததே பெர்ன்தான். பள்ளத்தாக்கில் யாரும் இடம் தராததால் உயரத்தில் கல் பொறுக்கி மேய்ச்சல் நிலம் ஆக்கினார்கள். அப்படிப்பட்டவர்கள் எழுபத்தைந்தில் அந்தப் பெர்னுக்கே குடும்பத்தோடு இறங்கி வந்து வாக்களித்தார்கள்.

"மாட்டுக்கும் ஓட்டு இருந்திருந்தா அதையும் ஓட்டிக்கிட்டு வந்திருப்பானுங்க" என்றான் ரெமி. அதன் பிறகு மேல்சரிவு என்ற வார்த்தையே அவன் வாயில் வசவாகிவிட்டது.

ஊர் இரண்டானது. ரொட்டிக்கடை ஒரு கட்சி, பால் சொசைட்டி ஒரு கட்சி. ஊர் பேண்டு வாத்தியக் குழு உடைந்து இரண்டு குழுவானது. ஒன்று செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்க்கும், மற்றது வியாழக்கிழமை. வாசித்தது ஒரே அணிவகுப்புப் பாட்டு. இரண்டிலும் கிளாரினெட் ஒரே இடத்தில் தடுக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலி மேல் முட்டைக்கோஸ் கொடுத்து வாங்குவதை நிறுத்தினார்கள். யாரும் சாகவில்லை, யாரையும் சிறையில் போடவில்லை. வெறுமனே, இருபது வருஷம், தெருவில் எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் தலையை அசைத்தார்கள். அது எவ்வளவு அலுப்பான வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒடீல் வேன் ஓட்டினாள். மேல்சரிவுப் பிள்ளைகளுக்கு மேலேயே ஓர் அறைப் பள்ளிக்கூடம், ஜெர்மனில், பெர்ன் மாநிலம் நடத்தியது. அதனால் பிள்ளைகளை ஏற்ற அவள் மேலே போகவேண்டியதில்லை. ஆனால் சந்தை நாளில் வயசானவர்களுக்காகப் போனாள். மேல்சரிவுப் பண்ணைக்காரன் ஊலி லோஸ்லியின் தாயார் கூடையில் வெண்ணெயோடு ஏறிக்கொள்வார். ரெமிக்கு அது பிடிக்கவில்லை.

"நம்ம ஓட்டைத் தின்னுட்டு, உன் வேன்ல வேற ஏறுறாங்களா?"

"வேன் ஊரோடது. அவங்களும் ஊர்தானே."

"அன்னைக்கு ஊரா நெனச்சாங்களா?"

"அன்னைக்கு அவங்களும் இதையேதான் நம்மளப் பத்திக் கேட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் பனிச்சங்கிலியைச் சக்கரத்தில் மாட்டப் போனாள். ரெமியோடு அவள் சண்டை போட்டதில்லை. சண்டைக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ரெமி நுரையீரல் கெட்டு இறந்தான். சவப்பெட்டி மேல் எத்தியென் ஜுராக் கொடியைப் போர்த்தினான். குழிக்குள் இறக்குமுன் மடித்து ஒடீல் கையில் கொடுத்தான். ரெமி இறந்து இரண்டாம் வருஷம், பெர்னும் பிரிந்துபோன ஜுரா மாநிலமும் பேசி முடித்து, மோன்ரெவலை மறுபடி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். இந்த முறை ஜெயித்தார்கள்; ஊர் ஜுராவோடு சேர்ந்தது. மேல்சரிவுக் குடும்பங்கள் சுருங்கியிருந்தன. இளசுகள் நகரத்துக்கு இறங்கிவிட்டிருந்தார்கள்.

கோயில் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். மேயராகிவிட்டிருந்த எத்தியென் நடுத்தெருவில் நின்று குழந்தைபோல அழுதான். கண்ணில் பட்டவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தான். ஒடீலையும் கட்டிப்பிடித்து, "ரெமி பார்க்காம போயிட்டானே" என்றான். அவளும் அழவேண்டும் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. கால் வலித்தது. யாரோ கொடுத்த பிளம் சாராயத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலையில் மிஞ்சிய சூப்பைச் சுடவைக்காமலே குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஊலி லோஸ்லி அவள் வீட்டுக்கு வந்தது அந்த வருஷ இலையுதிர் காலத்தில். ஐம்பது வயது மனிதன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். பின்னால் அவன் மனைவி வ்ரேனி. வ்ரேனிக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது.

"உள்ள வாங்க. கதவைத் திறந்து வெச்சா சூடெல்லாம் போயிடும்" என்றாள் ஒடீல்.

காபி வைத்தாள். ஊலி வந்த விஷயத்துக்கு வர நேரம் எடுத்தது. கடைசியில் சொன்னான்: "மேல இருக்கிற பள்ளிக்கூடத்தை மூடுறாங்க, மதாம் ஃப்ளூரி. புது மாநிலத்துல பிரெஞ்சு மட்டும்தான். பெர்ன் இருந்தவரைக்கும் அவங்க நடத்தினாங்க. இனிமே நடத்த மாட்டாங்க. அவங்களச் சொல்லியும் குத்தமில்ல."

"பிள்ளைங்க கீழ வரலாமே. நான்தான் வேன் ஓட்டுறேன்."

"வரலாம். வந்தா ஜெர்மன் போயிடும். ஜெர்மன் போனா எங்க வேதம் போயிடும், பாட்டு போயிடும். உங்களுக்கு இது புரியும்னுதான் வந்தோம்."

ஊலி தொப்பியை மேசைமேல் வைத்தான். "ஏழு பண்ணையும் கூடிப் பேசினோம். மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரு பெர்ன்லதான் இருக்குது. எங்க சரிவை அந்த ஊரோட சேர்த்துவிடச் சொல்லிக் கேக்கப் போறோம். நீங்க பெர்னை விட்டுப் போகணும்னீங்க. நாங்க வேணாம்னோம். தோத்துட்டோம். சரி. இப்ப நாங்க உங்கள விட்டுப் போறோம்னா, நீங்க எதுக்குத் தடுக்கணும்?"

"இதுக்கு முடிவு எங்க, ஊலி? நாளைக்கு உங்க ஏழு பண்ணையில ஒரு பண்ணை எங்களுக்கு பெர்ன் வேணாம்னா? அப்புறம் உங்க வீட்டுப் பின்கட்டு தனியாப் போகணும்னா?"

"பின்கட்டுல இருக்கிறது கோழிங்க. அதுங்க கேட்டா அப்ப பார்த்துக்கலாம்."

வ்ரேனிக்கு அது புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒடீலுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவளுக்கு வந்த முதல் சிரிப்பு அதுதான்.

"ஊர்த் தண்ணி உங்க சரிவுல இருந்துதானே வருது? எத்தியென் அதைத்தான் முதல்ல கேட்பான்."

"தண்ணி எந்த மாநிலம்னு பார்த்தா ஓடுது? கீழதான் வரும். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றோம். ஆனா நான் போய்க் கூட்டத்துல நின்னா, வாயைத் திறக்கறதுக்குள்ள சிரிச்சிடுவாங்க. நீங்க சொன்னா காது கொடுப்பாங்க. ரெமி ஃப்ளூரி வீட்டம்மா நீங்க."

"அதனாலதான் என்னால சொல்ல முடியாது."

அப்போதுதான் வ்ரேனி பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "என் கடைசிப் பொண்ணு… மார்கிரிட்… அவ மெதுவா பேசுறவ. திக்குது. ஜெர்மன்லயே திக்குது. இங்க வந்தா… பேசவே மாட்டா" என்றாள்.

ஒடீல் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவ வேண்டியதைவிட அதிக நேரம் கழுவினாள். முடியாது என்று சொல்லத்தான் திரும்பினாள். "யோசிக்கிறேன்" என்று வந்தது.

மேயர் எத்தியென் ஷப்புயி, ஊர்ச்சாவடி அலுவலகத்தில் புதுக் கொடியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் போய்ச் சொன்னாள். அவன் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு உட்கார்ந்தான்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அவங்க கேட்கிறதைச் சொல்லுறேன்."

"ஏழு பண்ணை, ஒடீல். ஏழே பண்ணை. அதுக்குப் பேரு ஜனமா? நாம ஒரு மக்கள். நமக்கு ஒரு சரித்திரம் இருக்கு."

"பெர்ன்ல உட்கார்ந்திருந்தவங்களும் நம்மளப் பத்தி இப்படித்தான் பேசினாங்க. கைப்பிடி ஜனம்னு."

"அவங்க நம்மள அடிமையா வெச்சிருந்தாங்க."

அவள் யோசித்தாள். எத்தனையோ வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல் அது. "அடிமையா வெக்கல, எத்தியென். ஓட்டுப் போட விட்டாங்க, பேச விட்டாங்க, திட்டக்கூட விட்டாங்க. நாம பேசினது அவங்களுக்குப் புரியல. புரிஞ்சுக்கணும்னு அவங்களுக்கு அவசியமும் இல்ல. நாம எப்பவும் கம்மி. அவ்வளவுதான் நடந்தது. அதுவே போதும்னுதானே பிரிஞ்சோம்?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற? மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டியா?"

எத்தியென் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தண்ணி அங்க இருக்கு. காடு அங்க இருக்கு. ஊர் நிலத்துல பாதி அங்க இருக்கு. முப்பது வருஷம் போராடி வாங்கின ஊரை ரெண்டாக் கிழிச்சுக் கொடுத்த மேயர்னு என் பேரு நிக்கணுமா? சரி, கொடுத்தோம்னு வெச்சுக்க. நாளைக்கு நம்மகூட இருக்கிற ஒவ்வொரு சந்தும் இதையே கேட்கும். ஒரு இடத்துல கோடு போட்டுத்தானே ஆகணும்?"

அது நியாயமான கேள்வி என்றுதான் அவளுக்குப் பட்டது. "எங்க போடணும்னு எனக்குத் தெரியாது. நாம தாண்டினதும் சரியா நம்ம காலுக்குக் கீழ வந்து நிக்குற கோட்டைப் பார்த்தா சந்தேகமா இருக்கு" என்றாள்.

"ரெமி இருந்திருந்தா உன்னை வீட்டை விட்டு அனுப்பியிருப்பான்."

"ரெமி இருந்திருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்" என்றாள் ஒடீல். அது உண்மை. சொன்ன பிறகு அவளுக்கே அது ஒரு மாதிரி இருந்தது.

ஊர்க்கூட்டம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. சுவரில் ஏணிக்கம்பிகள், தரையில் வண்ணக்கோடுகள், மடக்கு நாற்காலிகள். மேல்சரிவுக்காரர்கள் பின்வரிசையில், ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூரை ஒழுகலும் பனி அள்ளும் வண்டியும் பேசி முடித்தபின், வேறு ஏதாவது உண்டா என்று எத்தியென் அவள் பக்கம் பார்க்காமல் கேட்டான். ஒடீல் எழுந்தாள்.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மேல்சரிவு அந்தப் பக்கத்து ஊரோடு சேர விரும்புகிறது, தண்ணீருக்கு எழுதித் தருவார்கள், கேட்கிறவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்றாள். முன்வரிசையில் ஒருவர், "அப்ப எழுபத்தஞ்சுல அவங்க நம்மளப் பிடிச்சு வெச்சிருந்தாங்களே, அது?" என்றார்.

"அது தப்புன்னுதானே இருபது வருஷமா சொல்லிக்கிட்டிருந்தோம்" என்றாள் ஒடீல்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். "உட்காரும்மா, போதும்" என்றது ஒரு குரல். உட்கார்ந்துவிட்டாள்.

கை தூக்கச் சொன்னார்கள். மேல்சரிவுக் கைகள் எழுந்தன. பெர்ன் கட்சிப் பழைய ஆள்களில் சிலர் தூக்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் எத்தியென் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் தூக்கினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் இத்தனை வருஷம் ஒன்றாக நின்றவர்களில் தூக்கியது அவள் கை ஒன்றுதான். எதிராக எழுந்த கைகளை எண்ண வேண்டியே இருக்கவில்லை.

வெளியே வரும்போது ஊலி தொப்பியைத் தொட்டு, "நன்றி, மதாம்" என்றான். அவள் தலையை ஆட்டினாள். நின்று பேச முடியவில்லை. பேசினால் அவளுக்கு இன்னும் கஷ்டம் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து ரெமியின் பழைய தோழர்கள் மூன்று பேர் வந்தார்கள். வாசலில் தயங்கித் தயங்கி நின்றார்கள். ஒருவர் செருமிக்கொண்டு, "ஒடீல், தப்பா எடுத்துக்காத. ரெமியோட கொடி… அது கட்சியோடது. அது இனிமே இங்க இருக்கிறது சரியில்லைன்னு பேசிக்கிறாங்க" என்றார்.

"உட்காருங்க" என்றாள். பெட்டியிலிருந்து கொடியை எடுத்தாள். மடிப்பில் சுருக்கம் விழுந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடுபண்ணினாள். மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்திருக்க, அவள் சிவப்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நீராவியின் சீறல் மட்டும்தான். தேய்த்து மடித்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தவள் விளக்குப் போடவும் எழவில்லை. ரெமியின் சாவுக்குப் பிறகு அன்றுதான் அவள் அழுதாள். அது ரெமிக்காகவா, தனக்காகவா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

குளிர்காலம் முழுக்க ரொட்டிக்கடையில் அவளிடம் ரொட்டியைக் கொடுத்தார்கள், வார்த்தையைக் கொடுக்கவில்லை. இந்தப் பழக்கம் ஊருக்குப் புதிதல்ல. மறுகட்சி மேல் இருபது வருஷம் பழகியதை இப்போது அவள் மேல் செய்தார்கள். வாங்கிக்கட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்பது மட்டும் அவளுக்குப் புதிது.

மேல்சரிவுக்காரர்கள் மேலிடம் வரை எழுதிப் பார்த்தார்கள். ஓர் ஊருக்குக் கீழே எதையும் தனியாகக் கேட்க முடியாது, உரிக்கிற வெங்காயம் ஊரோடு நிற்கும் என்று இரண்டு மாநிலமும் மரியாதையாகப் பதில் போட்டன. ஏழில் இரண்டு குடும்பம் மாடுகளை விற்றுவிட்டுக் கனடாவில் இருந்த உறவுக்காரர்களிடம் போய்விட்டது. மற்ற ஐந்தும் இருந்தன. கல்வி அலுவலகங்கள் மட்டும் ஒரு வழி விட்டன: பிள்ளைகளை ஏற்றி இறக்க ஊரே ஏற்பாடு செய்துகொண்டால், முகட்டுக்கு அப்பால் உள்ள ஜெர்மன் பள்ளியில் படிக்கலாம்.

எத்தியென் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேன் நிறுத்தும் கொட்டகைக்கு வந்தான். கூட்டத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசியது அதுவே முதல் முறை.

"ஊரு இதுக்கு ஆள் போடாது. நான் கேட்டுப் பார்த்துட்டேன். யாரும் ஓட்ட மாட்டேங்கிறாங்க."

"நான் ஓட்டமாட்டேன்னு யாரு சொன்னா?"

"உன்னைக் கேட்கல. உனக்கு ஏற்கெனவே காலையில ஒரு சுத்து இருக்கு."

"ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்துக்கறேன்."

அவன் கடிதத்தை மடித்தான், பிரித்தான். "வேனைக் கொடுத்தேன்னு சொன்னா எனக்குத் திட்டு விழும்."

"விழட்டும். எனக்கும் விழுந்தது. ஒண்ணும் ஆகல" என்றாள்.

அது முழு உண்மை அல்ல. ஆனால் அவன் வேனைக் கொடுத்தான். அதை அவள் அவன் கணக்கில் நல்லதாகவே வரவு வைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருஷம் ஓட்டினாள். முகட்டுப் பாதை குறுகலானது. ஜனவரியில் பனி இரண்டு பக்கமும் சுவர்போல் நிற்கும். பிள்ளைகள் பின்னால் ஜெர்மனில் கத்துவார்கள், சண்டை போடுவார்கள், ஒருவன் எப்போதும் வாந்தி எடுப்பான். வ்ரேனியின் பெண் மார்கிரிட் முன்சீட்டில் அவள் பக்கத்தில் உட்காருவாள். முதல் வருஷம் பேசவே இல்லை. ஒடீலும் பேசவில்லை, அந்த நேரத்தில் பேசாமல் இருப்பது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வருஷம் ஒரு நாள், மாடு ஒன்று பாதையில் குறுக்கே நிற்க, மார்கிரிட் திக்கித் திக்கி அதை என்னவோ சொல்லித் திட்டினாள். "அதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஒடீல் கேட்டாள். அவள் சொல்லிக் கொடுத்தாள். மிகவும் மோசமான சொல். வழிநெடுக இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அப்படி ஒன்றிரண்டாக ஒடீலுக்கு ஜெர்மன் வந்தது. வாழ்நாள் முழுக்க எதிர்த்த பாஷையை அறுபது வயதில், மாட்டைத் திட்டிய வசவிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் ஆசிரியை வணக்கம் சொன்னால் பதில் சொல்லும் அளவுக்கு. இன்னொரு காலத்தில் ஒரு டாக்டர் சொன்னது புரிந்திருக்கும் அளவுக்கா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை, அல்லது கேட்டுக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

பழைய பகை, யாரும் சமாதானம் செய்யாமல், தானாகத் தேய்ந்தது. பேண்டுக் குழுக்கள் ஒன்றாயின. இரண்டிலும் சேர்த்தும் ஊதுகிறவர்கள் போதவில்லை. ரொட்டிக்கடை மூடப்பட்டது. பால் சொசைட்டியும். பட்டறையை வேறு நாட்டுக் கம்பெனி வாங்கி, இயந்திரங்களைப் பிரித்தெடுத்துக்கொண்டு போனது. எத்தியென் மேயர் பதவியை விட்டபோது அடுத்து நிற்க ஆளில்லை. ஒரு தேர்தலில் வேட்பாளரே இல்லாமல் பெட்டியைத் திறந்தார்கள்.

கடைசியில் மாநிலத்திலிருந்து யோசனை வந்தது: மோன்ரெவலைப் பள்ளத்தாக்கின் மற்ற மூன்று ஊர்களோடு இணைத்துவிடலாம். புது ஊருக்குப் புதுப் பெயர். அதற்கும் வாக்கெடுப்பு.

ஒடீலுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. வேனை எப்போதோ விட்டுவிட்டாள், சொந்தமாக ஒரு சிறிய கார் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை போனாள். முன்பெல்லாம் வாசல்வரை வரிசை நிற்கும், போலீஸ் நிற்கும், பத்திரிகைக்காரர்கள் நிற்பார்கள். இப்போது உள்ளே இரண்டு பெண்கள் மேசைக்குப் பின்னால் பின்னல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். எத்தியென் படியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தான்.

"ஓட்டுப் போட்டியா?" என்றாள்.

"போட்டேன். சேர்க்கணும்னு போட்டேன்" என்றான். "வேற என்ன செய்ய. பனி அள்ளக்கூட ஆளில்ல." சற்றுப் பொறுத்து, "ரெமி என்னைக் கொன்னிருப்பான்" என்றான்.

"ரெமியை எதுக்கெடுத்தாலும் இழுக்காத. அவன் போயே ரொம்ப நாளாச்சு."

அவன் எழ முயன்றான். முழங்கால் நிமிர மறுத்தது. அவள் கையைக் கொடுத்தாள். காரில் ஏறியதும் அவன் பெல்ட்டைத் தேடிக்கொண்டே சொன்னான்: "ஊலி வந்துட்டுப் போனான். வேணாம்னு போட்டானாம். பெரிய ஊருக்குள்ள போனா எங்க பேச்சு இன்னும் எடுபடாதுங்கிறான்."

"எடுபடாதுதான்."

"அந்தக் கூட்டத்துல நான் நெனச்சிருந்தா…" என்று தொடங்கினான். அவள் சாவியைத் திருப்பினாள். அவன் முடிக்கவில்லை. அவன் நினைத்திருந்தாலும் எதிர்த்த கைகள் அத்தனையும் எழுந்துதான் இருக்கும்; தண்ணீர் கீழேதான் வந்திருக்கும்.

மதியம் முடிவு வந்தது. இணைப்பு நிறைவேறிவிட்டது என்று மார்கிரிட் தொலைபேசியில் சொன்னாள். முகட்டுக்கு அப்பால் அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள் அவள். இன்னும் சில எழுத்துகளில் திக்கினாள். மணி எதுவும் அடிக்கவில்லை. ஒடீல் சற்றுக் கண்ணயர்ந்தாள். எழுந்தபோது வெளியே மழை பிடித்திருந்தது. துணி கொடியிலேயே கிடந்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு எழுந்து போனாள்.